உழாமல் விட்ட புலம்

எத்திராஜ் சீடராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது அறுபத்தாறு. குருவுக்கு ஐம்பத்தொன்று. முப்பது வருடம் பூகோள வாத்தியாராக இருந்து கேள்வி கேட்டவர், இப்போது பெஞ்சில் உட்கார்ந்து பதில் சொல்லப் பழகிக்கொண்டிருந்தார்.

குரு தவமணி, தாலுகா ஆபீசில் பழைய கணக்குகளைப் பார்த்துக்கொள்பவர். உலகப்போரின்போது இந்தப் பக்கம் நொறுங்கிய குண்டுவீச்சு விமானங்கள் எங்கே விழுந்தன என்று கிராமக் கணக்குகளை வைத்தே கண்டுபிடிப்பார். அது அவருடைய வேலையில் சேராது. விழுந்தவன் வீட்டில் யாராவது தேடிக்கொண்டிருப்பார்கள் என்பார், அவ்வளவுதான்.

ஒரு நாள் மத்தியானம் எத்திராஜ் முகமெல்லாம் வேர்த்துப் போய் அவர் முன்னால் வந்து நின்றார்.

"அம்மா, பெரிய தப்பு பண்ணிட்டேன்."

"உக்காருங்க சார். என்ன தப்பு?"

இரண்டு மாதத்துக்கு முன்பு இங்கிலாந்தில் இருக்கும் தொண்ணூற்று மூன்று வயது மூதாட்டி ஒருத்திக்கு எத்திராஜ் ஒரு பொட்டலம் மண் அனுப்பியிருந்தார். 1944-இல் விமானத்தோடு விழுந்த அவளுடைய அண்ணனுக்கு அப்போது இருபத்தொரு வயது. விழுந்த இடம் பொட்டல்மேடு என்று ஒரு பழைய பட்டியலில் இருந்தது. அங்கே போய் மண் எடுத்தார். அவள் அதைத் தன் தாயின் கல்லறையில் போட்டுவிட்டு, இனி நிம்மதியாகச் சாவேன் என்று பதில் எழுதியிருந்தாள்.

இன்று காலையில் பக்கத்து ஊரான மாவிலங்கையின் கணக்கைப் புரட்டினார். விமானம் அங்கேதான் விழுந்திருக்கிறது.

"மண் எடுக்கிறதுக்கு முன்னாடி ஊர்க் கணக்கைப் பாத்தீங்களா?"

"இல்லம்மா. பட்டியல்ல இருந்ததை அப்படியே எழுதிட்டேன்."

தவமணி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது எத்திராஜுக்கு.

"இப்ப அவங்ககிட்ட சொல்லணுமாம்மா? நிம்மதியா இருக்காங்களே."

தவமணி எழுந்து போய் மாவிலங்கையின் 1944-ஆம் வருடத்து அடங்கலை எடுத்து வந்தார். எந்த வயலில் என்ன பயிர் என்று கணக்குப்பிள்ளை வருடாவருடம் எழுதும் புத்தகம் அது. புல எண் 112-இல் விரலை வைத்தார்.

"படிங்க."

"வரகுன்னு எழுதி அடிச்சிருக்கு. மேல தரிசு. பக்கத்துல, 'ஆகாய விமானம் விழுந்த இடம். உழவு இல்லை.'"

"ஏன் அடிச்சிருக்கார்?"

எத்திராஜ் அந்த வரியை இன்னொரு முறை படித்தார்.

"போன வருஷம் வரகு. வீட்டுல உக்காந்தபடியே இந்த வருஷமும் வரகுன்னு எழுதிட்டார். எல்லாக் கணக்குப்பிள்ளையும் பண்றதுதான். அப்புறம் வயலுக்குப் போய்ப் பாத்திருக்கார்."

"சுரண்டி அழிச்சிருக்கலாமே?"

"கணக்குல அழிக்கக் கூடாது சார். ஒரே ஒரு கோடு. கீழ இருக்கிற தப்பும் தெரியணும். பக்கத்துல கையெழுத்து."

மங்கிய மையில் கையெழுத்து இருந்தது. எத்திராஜ் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் புரிந்துவிட்டது, மனசுதான் இடம் கொடுக்கவில்லை.

"அவருக்கென்னம்மா, வரகைத்தானே அடிச்சார். நான் சாகப்போறவங்க நிம்மதியைக் கெடுக்கணும்."

தவமணி அடுத்த வருடத்துப் புத்தகத்தைத் திறந்தார். 112, தரிசு. அதற்கடுத்த வருடமும் தரிசு. 1966 வரைக்கும் ஒவ்வொன்றாகத் திறந்து வைத்தார். மேஜை நிறைந்து பெஞ்சிலும் புத்தகங்கள் ஏறின.

"மழை இல்லையோ?" என்றார் எத்திராஜ்.

"சுத்தி இருக்கிற வயலெல்லாம் பாருங்க."

எல்லாவற்றிலும் வரகு விளைந்திருந்தது.

"உழக்கூடாதுன்னு சர்க்கார் உத்தரவா?"

"உத்தரவு இருந்தா எழுதியிருப்பார்."

கடைசியாக, யாருக்கு எவ்வளவு நிலம் என்று காட்டும் சிட்டாவை அவர் பக்கம் தள்ளினார். 112-க்குச் சொந்தக்காரி பேச்சாயி, விதவை. அவள் பெயருக்குக் கீழே அந்த ஒரு வரிதான் இருந்தது.

எத்திராஜ் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பேச்சாயிக்கு வேறு நிலம் இல்லை.

"இருந்ததே இந்த ஒரு வயலாம்மா?"

"ஆமா சார். முன்னப்பின்ன தெரியாத ஒரு பையனுக்காக அதை இருபத்திரண்டு வருஷம் ஏர் படாம வச்சிருந்திருக்கா. நீங்க சொல்லலைன்னா அவன் தங்கச்சிக்கு இதை யார் சொல்லுவா?"