தானா வெடிச்ச துப்பாக்கி

ஒரு மலையடிவாரத்து ஊர்ல மிளகாயின்னு ஒருத்தி இருந்தாளாம். அவளும் புருஷன் கொண்டையனும் தினை வெதச்சுப் பொழச்சாங்க. பக்கத்துக் காட்டுக்காரன் வெள்ளைச்சாமி. காட்டுப்பன்னி வந்து வேரோட கிளறிப் போடுதுன்னு அவன் சந்தைக்குப் போயி ஒரு துப்பாக்கி வாங்கிட்டு வந்தான்.

ஒருநா காலையில மிளகாயி கூழ் கொண்டு போனா. ரெண்டு ஆம்பளைங்களும் வேப்பமரத்து நெழல்ல உக்காந்து பேசிக்கிட்டிருந்தாங்க, துப்பாக்கி மரத்துல சாத்தியிருந்துச்சு. ஒருத்தரும் தொடல கண்ணு. அதுவா சரிஞ்சுச்சு, சரிஞ்சு விழுந்துச்சு, விழுந்து வெடிச்சுச்சு. கூழ்க்கலயத்தக் கீழ வைக்கிறதுக்குள்ள கொண்டையன் போய்ச் சேந்துட்டான்.

ஊரு சும்மா இருக்குமா? வெள்ளைச்சாமியக் கட்டி ராசாகிட்ட இழுத்துட்டுப் போயிட்டாங்க. மிளகாயிக்கும் அவன் மூஞ்சியப் பாக்கப் புடிக்கல. ஆனா கண்ணால பாத்தவளாச்சே. "அவன் கை அதுல படலய்யா"ன்னா. "அப்ப யாரு கொன்னது?"ன்னு கேட்டாங்க. அதக் கண்டுபிடிக்க அவளே கெளம்பினா.

துப்பாக்கியத் துணியில சுத்தி எடுத்துக்கிட்டு சந்தைக்குப் போனா. வித்த ஆவுடை சொன்னான், "நான் விக்கிறவன் தாயி. செஞ்சவனப் போயிக் கேளு." சரின்னு பட்டறைக்குப் போனா. செஞ்ச தீத்தாரப்பன் சொன்னான், "நான் இரும்ப அடிக்கிறவன். வாங்குனவனுக்குப் பத்திரமா வெக்கத் தெரியலன்னா நான் என்ன செய்ய?" அப்புறம் ராசாகிட்டப் போனா. அவரும், "வெச்சிருந்தவன்தானேம்மா பொறுப்பு?"ன்னாரு.

"வித்தவனையும் செஞ்சவனையும் ஒரு தடவ கூப்பிட்டு விடுங்க சாமி"ன்னு சொல்லி, அவருகிட்ட ஒரு யோசனையும் சொன்னா.

வந்தாங்க. "இதுல ஏதும் கோளாறு உண்டா?"ன்னு ராசா கேட்டாரு. "ஒண்ணும் இல்லீங்க"ன்னாங்க ரெண்டு பேரும்.

"அப்படின்னா வெடிமருந்து கெட்டிச்சு இவங்க பக்கத்துத் தூண்ல சாத்துங்க. பேசி முடிக்கிற வரைக்கும் இருக்கட்டும்"ன்னா மிளகாயி.

காவக்காரன் சாத்தினான். உள்ள மருந்தே இல்லேன்னு அந்த ரெண்டு பேருக்கும் தெரியாது. தீத்தாரப்பன் கொஞ்சம் நகந்தான். அப்புறம் இன்னும் கொஞ்சம் நகந்தான். அப்புறம் ராசா சிம்மாசனத்துக்குப் பின்னாலயே போயிட்டான். ஆவுடை எப்பவோ வாசப்படிக்குப் போயிட்டான்.

"கோளாறு இல்லாததப் பாத்து ஏன் பயப்படுறீங்க?"ன்னு கேட்டாரு ராசா.

தீத்தாரப்பன் மெதுவாச் சொன்னான், "விசை நிக்காதுங்க, தட்டினாலே வெடிக்கும். நான் செஞ்ச எல்லாத் துப்பாக்கியையும் பிரிச்சுத் திருத்தணும். சோம்பல்பட்டு விட்டுட்டேன்." ஆவுடை தலயக் குனிஞ்சுக்கிட்டான். "இத ஒருத்தர் தானா வெடிக்குதுன்னு திருப்பிக் குடுத்தாரு. தொடச்சு வெள்ளைச்சாமிக்கு வித்துட்டேன்."

ராசா வெள்ளைச்சாமியோட கட்ட அவுக்கச் சொன்னாரு. அவரு உத்தரவுப்படி மத்த ரெண்டு பேரும் தமுக்கடிச்சுக்கிட்டு ஊர் ஊராப் போயி, "எங்க துப்பாக்கி ஆளக் கொல்லும், திருப்பிக் குடுங்க"ன்னு சொந்த வாயாலயே சொல்லி, எல்லாத்தையும் வாங்கி உருக்கினாங்க. அப்புறம் செறைக்குப் போனாங்க. அவங்க நெலத்து வெள்ளாமை மிளகாயி வீட்டுக்குன்னு ஆச்சு.

வெளிய வந்த வெள்ளைச்சாமி அவ கால்ல விழப் போனான். "எந்திரி. துப்பாக்கிய நீயும் பாத்து வெச்சிருக்கலாம். ஆனா தெரிஞ்சே மறச்சவன் நீ இல்ல"ன்னா. சொல்லிட்டு, அன்னிக்குத்தான் மொத மொதலா உக்காந்து அழுதா.

அவங்க மலையடியில, நாம பாயில. ஆபத்துன்னு தெரிஞ்சே அடுத்தவன் கையில குடுத்தா, செஞ்சவனும் வித்தவனும் பதில் சொல்லணும். சரி, கண்ண மூடு.