கூழைக்கடாவின் வாயில் ஒரு கேமரா

ஒரு காட்டில், மரங்கள் முடிந்து ஏரி தொடங்கும் இடத்தில், ஒரு கூழைக்கடா தனியாக வாழ்ந்தது. கூழைக்கடாவைப் பார்த்திருக்கிறீர்களா, குழந்தைகளே? பெரிய வெள்ளைப் பறவை. அதன் நீண்ட அலகுக்குக் கீழே தோலாலான பை ஒன்று தொங்கும். மற்ற கூழைக்கடாக்கள் அந்தப் பையால் மீனை அள்ளும். நம் கூழைக்கடாவோ அதில் ஒரு கேமராவை வைத்திருந்தது.

ஏரியைப் பார்க்க வந்த யாரோ மறந்துவிட்டுப் போன கேமரா அது. பொத்தானை அழுத்தினால் படம் அப்போதே தாளில் அச்சாகி வெளியே வரும். காட்டில் எல்லோரும் அந்தப் பறவையைப் பைவாயன் என்று அழைத்தார்கள்.

ஆரம்பத்தில் பைவாயனுக்கு இருந்த மவுசே தனி. மலைக்குப் பறக்கும், படத்தோடு வரும். அருவிக்குப் பறக்கும், படத்தோடு வரும். புதரைத் தாண்டாத முயலும், ஏரியை விட்டு நகராத ஆமையும் நாவல் மரத்தடியில் கூடிவிடும்.

“அடேயப்பா! இவ்வளவு தண்ணீரா கொட்டுகிறது!” என்று முயல் வாயைப் பிளக்கும்.

ஆனால் ஒரு மலைக்குப் பிறகு இன்னொரு மலை. அதற்குப் பிறகும் ஒரு மலை. எல்லா மலைக்கும் பின்னால் சிவப்பாக ஒரு சூரியன். நாவல் மரத்தடியில் கூட்டம் குறைந்தது. இதைவிடப் பெரிதாக ஒன்றைக் காட்ட வேண்டும் என்று பைவாயன் கடல்வரை பறந்தது. சிறகு நோக நோகத் திரும்பி வந்து படத்தை விரித்தது.

“இது போன வருடம் காட்டிய நம் ஏரிதானே?” என்றது நரி.

“இல்லை, இது கடல்!”

“அப்படியா? அதே தண்ணீர், அதே சூரியன்” என்று நரி கொட்டாவி விட்டது. எல்லோரும் சிரித்துக்கொண்டே கலைந்து போனார்கள்.

தனியாக நின்ற பைவாயன் கடல் படத்தையும் ஏரிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. எது கடல், எது ஏரி என்று அதற்கே தெரியவில்லை.

சரி, போன இடத்திலாவது பேச்சுத்துணை கிடைத்ததா? அதுவும் இல்லை. பைவாயன் ஓர் இடத்தில் இறங்கும். கேமராவைக் கல்லின்மேல் வைத்து, கால்விரலால் பொத்தானை அமுக்கும். யாராவது திருடிவிடுவார்களோ என்ற பயத்தில் உடனே வாயில் போட்டு மூடிக்கொள்ளும். மூடிய வாயால் எப்படிப் பேசுவது? மலையில் வரையாடு “வாங்க, வாங்க” என்றபோது தலையை மட்டும் ஆட்டியது. கடற்கரையில் நண்டு “எந்த ஊர்?” என்றபோது பதில் சொல்லாமல் பறந்தது. “திமிர் பிடித்த பறவை” என்று அவை முணுமுணுத்தது அதன் காதில் விழுந்தது. பைவாயனுக்கு அழுகை வந்தது. அதற்கும் அது வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் அது ஒரு முடிவுக்கு வந்தது. ‘பார்க்க ஆளும் இல்லை, எடுக்க ஆசையும் இல்லை. இந்தக் கேமராவை ஏரியின் ஆழத்தில் போட்டுவிடுகிறேன்.’

ஏரியின் நடுவே நீந்திப் போனது. அங்கே குறும்புக்குப் பெயர்போன நீர்நாய் ஒன்று மீனோடு விளையாடிக்கொண்டிருந்தது.

“பைவாயண்ணே, நடு ஏரிக்கே வந்துவிட்டீர்கள்! என்ன விசேஷம்?”

பைவாயன் பேசவில்லை. அதன் கண் கலங்கியிருந்ததை நீர்நாய் பார்த்தது. அது கீழே இருண்ட தண்ணீரையே பார்ப்பதையும் பார்த்தது. நீர்நாய்க்கு எல்லாம் விளங்கிவிட்டது. கையிலிருந்த கெண்டை மீனைப் பைவாயனின் மூக்குக்கு நேராகத் தூக்கிப் போட்டது.

மீனைக் கண்டால் எந்தக் கூழைக்கடா சும்மா இருக்கும்? லபக்கென்று அலகு திறந்தது. மீன் உள்ளே போனது, கேமரா வெளியே விழுந்தது. அது தண்ணீரைத் தொடுமுன் நீர்நாய் பிடித்து, தலைக்குமேல் தூக்கியபடி கரைக்கு நீந்தியது.

“திருடா! கொடு என் கேமராவை!”

“அட, உங்களுக்குப் பேச வருமா! தூக்கிப் போடத்தானே வந்தீர்கள்?”

உண்மைதான். ஆனால் தானே எறிய நினைத்த பொருளை இன்னொருவர் பிடுங்கியதும் பைவாயன் கரைவரை விரட்டிக்கொண்டு வந்துவிட்டது. அது இல்லாமல் எப்படி இருப்பது என்று அப்போதுதான் பயம் வந்தது.

“அதோ அந்த மொட்டைப் பாறையைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லுங்கள். கேமராவைத் தந்துவிடுகிறேன்” என்றது நீர்நாய்.

“அதில் என்ன இருக்கிறது? கல். பின்னால் சூரியன். இந்த வாரம்கூடப் படம் எடுத்தேனே!”

“அப்படியானால் சொல்வது சுலபம்தானே?”

பைவாயன் வாயைத் திறந்தது. சொல்ல ஒன்றும் அகப்படாமல் மூடிக்கொண்டது.

மறுநாள் மதியம் வெறும் வாயோடு பாறைக்குப் பறந்தது. கால் ஊன்றப் போன நேரத்தில் தலைக்குமேல் ஒரு கூச்சல் கேட்டது.

“காலை எடு! காலை எடு!”

ஓர் ஆள்காட்டிக் குருவி அலறியபடி சுற்றிச் சுற்றிப் பறந்தது. “இன்றைக்கும் வந்துவிட்டீர்களா? நீங்கள் வரும்போதெல்லாம் தொண்டை கிழியக் கத்துகிறேன். ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்தீர்களா?”

“வாயில் கேமரா இருந்தது” என்றது பைவாயன் அசட்டுச் சிரிப்போடு.

“காதிலுமா இருந்தது?”

ஆள்காட்டி கீழே இறங்கி, “குனிந்து பாருங்கள்” என்றது.

“கூழாங்கற்கள்.”

“இன்னும் குனியுங்கள்.”

கற்களுக்கு நடுவே கரும்புள்ளி போட்ட சில கற்கள். இல்லை, அவை முட்டைகள்! பைவாயனின் கால் அவற்றுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அது மெல்லக் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது.

“பாறை கொதிக்கிறது” என்றது ஆள்காட்டி. “ஏரிக்குப் போய் வயிற்று இறகை நனைத்து வந்து முட்டைகளின் மேல் உட்காருகிறேன். போகிற நேரத்தில் காகம் வருமோ என்று பயம். முன்பு மாற்றி மாற்றிக் காக்க என் துணை இருந்தது. அதைப் பருந்து கொண்டுபோய்விட்டது. இப்போது நான் ஒற்றை ஆள். உங்களோடு பேசுகிறேனே, இதுதான் எத்தனையோ நாளுக்குப் பிறகு நான் பேசுகிற பேச்சு.”

“எனக்கும் அப்படித்தான்” என்றது பைவாயன். அதன் குரல் அதற்கே புதிதாகக் கேட்டது.

பிறகு பைவாயன் தன் காலிப் பையைப் பார்த்தது. விருட்டென்று ஏரிக்குப் பறந்து, பை நிறையத் தண்ணீரோடு வந்தது.

“மெதுவாக! முட்டைகளை மூழ்கடித்துவிடாதீர்கள்!” என்று ஆள்காட்டி கத்தியது. பைவாயன் சிரித்துவிட்டது.

மாலையில் நீர்நாய் கரையில் காத்திருந்தது. “என்ன, ஏதாவது தெரிந்ததா?”

“தெரிந்தது. ஆனால் இப்போது சொல்ல மாட்டேன். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.”

நீர்நாய் அதன் முகத்தைப் பார்த்தது. “சரி, சொல்ல வேண்டாம். இந்தாருங்கள் கேமரா.”

“உன்னிடமே இருக்கட்டும். நாளைக்கு எனக்கு வாய் காலியாக வேண்டும்.”

வெயில் ஏறும்போதெல்லாம் பைவாயன் தண்ணீர் சுமந்தது. பாறையின் எந்த மடிப்பில் நிழல் முதலில் விழும், எந்தப் பக்கம் காற்று வரும் என்பதெல்லாம் அதற்குப் பழகிப்போயிற்று. ஒரு காலையில் ஆள்காட்டி, “சீக்கிரம் வாருங்கள், கீறல் விழுகிறது!” என்று கூவியது. பைவாயன் நீர்நாயிடம் ஓடிக் கேமராவை வாங்கி வந்தது. சூரியனுக்கு முதுகைக் காட்டி, பாறையோடு பாறையாகப் படுத்துப் பொத்தானை அமுக்கியது.

அந்தப் படத்தை அது உடனே காட்டவில்லை. குஞ்சுகள் ஓடப் பழகி, தாயோடு வேறு கரைக்குப் போய்ச் சேரும்வரை பொறுத்தது. அவை போன பிறகு பாறை வெறிச்சென்று இருந்தது.

நாவல் மரத்தடிக்கு மூன்று பேர்தான் வந்தார்கள்.

“மறுபடியும் பாறையா?” என்று நரி எழுந்தது.

“இருங்கள்” என்றது முயல். “இந்தக் கல்லுக்கு மூக்கு இருக்கிறதே!”

“எங்கே? தள்ளு, எனக்கு மறைக்கிறது!” என்று ஆமை கழுத்தை நீட்டியது. சத்தம் கேட்டு மற்றவர்களும் ஓடிவந்தார்கள். எது கல், எது முட்டை என்று இருட்டும்வரை தேடினார்கள். எல்லோரையும்விட அதிக நேரம் பார்த்தது நரிதான்.

“தினமும் அந்த வழியாகத்தானே போகிறேன்! எனக்குத் தெரியாமல் போயிற்றே!” என்று அது எச்சிலை விழுங்கியது.

மழைக்காலம் முடிந்ததும் பைவாயன் மறுபடி தனியாகக் கிளம்பியது. நீர்நாய் காட்டுக்கொடியால் கேமராவை அதன் கழுத்தில் கட்டிவிட்டிருந்தது. மலையில் இறங்கியபோது மாலையாகிவிட்டது. அதே வரையாடு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது.

“வணக்கம்” என்றது பைவாயன். “இந்த மலையில் உங்களுக்கு எந்த இடம் ரொம்பப் பிடிக்கும்?”

வரையாடு திடுக்கிட்டுத் திரும்பியது. “இதை யாரும் என்னிடம் கேட்டதே இல்லை” என்றது. பிறகு, “வாருங்கள், காட்டுகிறேன்” என்று முன்னால் நடந்தது.

பின்னால் சூரியன் சிவந்து மறைந்துகொண்டிருந்தது. பைவாயன் திரும்பிப் பார்க்காமல் வரையாட்டின் பின்னே நடந்தது.

நீதி: நின்று விசாரிக்காதவனுக்கு எல்லா ஊரும் ஒரே ஊர்தான்.