பன்னிரண்டாவது கத்தரிச் செடி

தவமணியம்மாவுக்கு வயது முப்பத்தைந்து. அவருடைய சீடர் பலவேசத்துக்கு அறுபது.

"மக வயசுப் பொண்ணுகிட்டப் போயி இவரு என்னத்தப் படிக்காரு?" என்று தெருவில் கேட்டார்கள். கேட்டவர்களில் ஒருவர்கூட அம்மாவின் குடிலில் அரை மணி நேரம் வாயை மூடி உட்கார்ந்து பார்த்ததில்லை.

விடிந்ததும் ஏழெட்டுப் பேர் அங்கே கூடுவார்கள். அம்மா ஒரு பாட்டைப் படிப்பார். பிறகு எல்லோரும் சும்மா இருக்க வேண்டும், அவ்வளவுதான். பலவேசம் சும்மா இருக்கத் தொடங்கிய இரண்டாவது நிமிடம் தூங்கிவிடுவார். குறட்டையும் வரும். பக்கத்திலிருப்பவர் முழங்கையால் இடிக்கப் போனால் அம்மா கையைக் காட்டித் தடுத்துவிடுவார்.

சித்திரை பிறந்த இரண்டாம் நாள், எல்லோரும் கலைந்த பிறகும் பலவேசம் எழுந்திருக்கவில்லை.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க ஐயா."

"உக்காந்தா உறக்கம் வருது. வெக்கமா இருக்கு. உறங்காம இருக்க ஒரு வழி சொல்லுங்க."

"வீட்டுல எத்தனை மணிக்கு எந்திரிக்கிய?"

"மூணு மணிக்கு."

"எதுக்கு?"

"செண்பகத்தைப் பொரட்டிப் படுக்க வைக்கணும். இல்லேன்னா முதுகு புண்ணாயிரும். பொறவு துணி மாத்தணும், கஞ்சி காய்ச்சணும், ஊட்டணும். கொழாயில தண்ணி வந்தா புடிக்கணும். தோட்டத்துக்கு ஊத்தணும்..." பட்டியல் முடியவில்லை. நடுவில் கொட்டாவி வந்துவிட்டது.

செண்பகவல்லி அவர் மனைவி. புரட்டாசியில் ஒருநாள் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். வலக்கையும் வலக்காலும் போயின. பேச்சும் போனது. இடக்கை மட்டும் பிழைத்தது.

"ஒத்தாசைக்கு ஆள் இல்லையா?"

"கடையத்துல அவ தங்கச்சி இருக்கா. மலையடிவாரம், வெக்கை கம்மி. ரெண்டு மருமக்கமாரும் வீட்டோட இருக்காளுவ. கோடைக்கு ஒரு மாசம் அக்காவை அனுப்புங்க அத்தான்னு மூணு தடவை போன் போட்டுட்டா. நான்தான் மாட்டேன்னுட்டேன்."

"ஏன்?"

"முப்பத்திரண்டு வருசம் தபால் குடுத்தவன் அம்மா. ஒருநாள் லீவு போட்டதில்ல. என் பையில வந்தத நான்தான் கொண்டு சேக்கணும்."

அம்மா அவர் முகத்தைப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கறுத்து இறங்கியிருந்தது.

"நாளைக்குக் காலைல உங்க தோட்டத்துக்கு வாரேன். வீட்டுல அருவா இருக்குல்லா?"

"இருக்கு."

"சரி, போயிட்டு வாங்க."

கேள்விக்குப் பதில் வரவில்லை. கேட்கும் தெம்பும் அவருக்கு இல்லை.

தோட்டம் என்று சொல்லிக்கொள்ள அதில் அதிகம் மிச்சமில்லை. புடலைப் பந்தல் பங்குனியிலேயே காய்ந்து கயிறும் கம்புமாக நின்றது. வெண்டை குச்சியாகிவிட்டது. தக்காளி வெந்துபோனது. குழாயில் ஐந்து நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். மீதி இருந்தவை பன்னிரண்டு கத்தரிச் செடிகள். செண்பகவல்லி விழுவதற்கு எட்டு நாள் முன்பு தன் கையால் நட்டவை.

குளித்த தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் எல்லாம் அந்தப் பன்னிரண்டுக்கும்தான் போயிற்று. இது நிற்கும்வரை அவளும் இருப்பாள் என்று பலவேசத்துக்கு எப்படியோ தோன்றிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று அவருக்கே தெரியும். ஆனாலும் ஒரு இலை பழுத்தால் உள்ளே போய் அவள் மூச்சைப் பார்த்துவிட்டு வருவார்.

அவள் கட்டில் பின்கட்டு ஜன்னலோரம் கிடந்தது. அவர் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் இடக்கையின் ஓரத்தால் கட்டில் சட்டத்தில் டக், டக் என்று தட்டுவாள். செடி வாடுகிறதே என்று கோபப்படுகிறாள் போலிருக்கிறது என நினைத்து இன்னும் அரைக்குடம் ஊற்றுவார்.

மறுநாள் காலை தவமணியம்மா வந்தார். ஜன்னல் வழியாகச் செண்பகவல்லியைப் பார்த்துக் கும்பிட்டார். அரிவாளை வாங்கிக்கொண்டு முதல் செடியின் முன்னால் உட்கார்ந்தார். பழுத்த இலையைக் கழிக்கப் போகிறார் என்றுதான் பலவேசம் நினைத்தார்.

தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் சரக்கென்று வெட்டினார்.

"அம்மா!"

இரண்டாவது செடியும் விழுந்தது.

"என்னம்மா இப்படிச் செய்திய? பூ இருக்கு, பிஞ்சு இருக்கு!"

"அதனாலதான் வெட்டுதேன்."

"செத்துல்லா போவும்!"

"இம்புட்டு இலை, இம்புட்டுப் பூ. இந்த வெயில்ல எத்தனையைத்தான் சொமக்கும்?"

மூன்று. நான்கு. பலவேசம் கையைப் பிடித்துத் தடுத்திருப்பார். குரு என்பதால் தொடவில்லை. அன்றைக்கு முதல்முறையாக அவருக்குக் குருவின் மேல் கோபம் வந்தது. நல்ல கோபம்.

அப்போது ஜன்னலுக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. டக். அரிவாள் இறங்கியது. டக். மறுபடி இறங்கியது.

பலவேசம் திரும்பிப் பார்த்தார். செண்பகவல்லியின் கண் அரிவாளின் மேல் இருந்தது. அம்மா வெட்ட வெட்ட அவள் கையும் சட்டத்தில் வெட்டிக்கொண்டிருந்தது. எட்டாவது செடியில் அரிவாள் கொஞ்சம் மேலே தங்கிவிட்டது. அவள் தலையை ஆட்டினாள். கையைக் கீழே கீழே என்று காட்டினாள். அம்மா இரண்டு விரற்கடை இறக்கி இன்னொருமுறை வெட்டினார்.

பலவேசம் ஜன்னலருகே போனார்.

"வருசா வருசம் நீ இப்படித்தான் வெட்டுவியா?"

ஆமாம் என்பதுபோல அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

"இதைத்தான் இத்தனை நாளா சொன்னியா?"

மறுபடி மூடித் திறந்தாள்.

முப்பத்திரண்டு வருடமாகக் கோடைக் காலையில் அவர் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றப் போய்விடுவார். வீட்டுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. தட்டில் விழுந்த கத்தரிக்காயைத்தான் பார்த்திருக்கிறார்.

அம்மா வெட்டுவாய்களில் சாணியைத் தடவினார். வெட்டிய தழையைத் தூரைச் சுற்றிப் பரப்பி, மேலே தென்னமட்டையைத் துண்டு போட்டு மூடினார். பிறகு எழுந்து அரிவாளைப் பலவேசத்திடம் நீட்டினார்.

"பதினொண்ணு ஆச்சு. ஒண்ணு உங்களுக்கு."

கடைசிச் செடியில் மூன்று பூக்கள் இருந்தன. கட்டைவிரல் அளவில் ஒரு பிஞ்சு தொங்கியது. பலவேசம் குந்தி உட்கார்ந்தார். அரிவாளை வைத்தார், எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு வெட்டினார். வெட்டிய கையோடு திரும்பி ஜன்னலைப் பார்த்தார்.

செண்பகவல்லி அங்கேதான் இருந்தாள். முகத்தின் இடது பாதி சிரித்தது.

அவருக்கு அழுகை வந்துவிட்டது. வெட்டிய செடியை மடியில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். அம்மா தொட்டியோரம் போய்க் கையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"இனி எவ்வளவு தண்ணி ஊத்தணும்மா?"

"வாரம் ஒருக்க, செடிக்கொரு செம்பு. நானே வந்து ஊத்துதேன். ஆடிக்குள்ள தழைச்சிரும்."

பலவேசம் துண்டால் முகத்தைத் துடைத்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"செண்பகம், ஒரு மாசம் கடையத்துக்குப் போறியா?"

அவள் உடனே கண்ணை மூடித் திறந்தாள். கொஞ்சம் யோசித்திருக்கலாம் என்று அவருக்கு இருந்தது.

"நான் இல்லாம இருந்துருவியா?"

அவள் கையை நீட்டி, கம்பியிலிருந்த அவர் விரல்மேல் இரண்டு தட்டுத் தட்டினாள்.

பலவேசம் குருவிடம் திரும்பினார். பாரம் இறங்கியதுபோலத் தெரியவில்லை. பையைத் தொலைத்த தபால்காரர் மாதிரி நின்றார்.

"அவளும் இல்ல, தண்ணி ஊத்துத வேலையும் இல்ல. ஒரு மாசம் முழுசும் நான் என்னதாம்மா செய்ய?"

தவமணியம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்தார்.

"உறங்குங்க ஐயா."