கடைசி வரிசைக்குப் போன கரடி

குட்டை வற்றிப்போனது. அடிச்சேறும் காய்ந்து வெடித்துவிட்டது. காட்டு விலங்குகள் எல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் ஓடும் ஆற்றுக்குப் புறப்பட்டன. ரொம்ப தூரத்துப் பயணம்.

கூட்டத்துக்குத் தலைவன் திமிலன் என்ற காட்டெருமை. அதன் முதுகில் ஒரு குரங்கு ஏறி உட்கார்ந்துகொண்டது. வழி பார்த்துச் சொல்வது அதன் வேலையாம்!

புறப்படும்போதே திமிலன் சட்டம் போட்டது.

"வழியில் யாரும் நிற்கக் கூடாது! தண்ணீர் குடிக்கக் கூடாது! குடித்தால் அடிக்கடி ஒதுங்க வேண்டி வரும், நேரம் வீணாகும். வலிக்கிறது என்று எவராவது வாயைத் திறந்தால், நேராக வரிசையின் கடைசிக்குப் போய்விட வேண்டும்!"

கடைசி என்றாலே எல்லோருக்கும் நடுக்கம். முன்னால் போகிறவர்கள் கிளப்பும் புழுதி எல்லாம் கடைசியில் வருபவர் மூக்கில்தான். அதுகூடப் பரவாயில்லை. செந்நாய்கள் பின்னாலேயே மோப்பம் பிடித்துக்கொண்டு வரும். களைத்துப்போய்த் தனியாக வருகிறவரைத்தான் அவை பிடிக்கும்.

அதனால் யாரும் வாய் திறக்கவில்லை. மிளாமான் நொண்டியது. "என்ன அண்ணே, காலில் என்ன?" என்று முயல் கேட்டது. "ஒன்றுமில்லையே! என் நடையே இப்படித்தான்" என்றது மிளா. முள்ளம்பன்றிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அது பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தபடி நடந்தது.

சடைச்சி என்ற கரடிக்கு இரண்டு குட்டிகள். இரண்டும் அம்மாவின் வலது தோளையே பிடித்துக்கொண்டு தொங்கின. பாவம், அவற்றுக்கென்ன தெரியும்? சடைச்சிக்குக் கழுத்தில் ஆரம்பித்த வலி, தோளில் இறங்கி, இடுப்புவரை வந்து உட்கார்ந்துகொண்டது. வலியில் ஒருமுறை கால் மடங்கி, குட்டிகள் பாறையில் விழப் பார்த்தன.

ஒரு சின்ன ஓடை குறுக்கே வந்தது. கணுக்கால் நனைகிற தண்ணீர்தான். கூட்டம் நிற்காமல் அதைத் தாண்டியது. சடைச்சி மட்டும் நின்றுவிட்டது.

"எனக்கு வலிக்கிறது!" என்று உரக்கச் சொன்னது.

எல்லோரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள்.

"என் சட்டம் தெரியும் அல்லவா?" என்று திமிலன் உறுமியது.

"தெரியும். கடைசிக்குப் போகிறேன். கடைசியில் இருந்தால்தான் நினைத்த இடத்தில் நிற்க முடியும்!"

"செந்நாய்கள் வரும்!"

"வரட்டும். இந்த உடம்பு கடவுள் கொடுத்தது. அது கூப்பிட்டால் முதலில் அதற்குக் காது கொடுப்பேன். அப்புறம்தான் உங்களுக்கு!"

குரங்கு விழுந்து விழுந்து சிரித்தது. "நீ இப்படி நின்று நின்று வந்தால், ஆறு வருவதற்குள் உன் குட்டிகளுக்குக் கல்யாணமே ஆகிவிடும்!"

"ஆகட்டுமே! கல்யாணத்தில் அம்மா நிமிர்ந்து நிற்க வேண்டாமா? அது சரி, அடுத்தவர் முதுகில் உட்கார்ந்து போகிற உனக்குக் கால் வலியைப் பற்றி என்ன தெரியும்?"

குரங்கு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

சடைச்சி குட்டிகளை இறக்கிவிட்டது. அவற்றைக் குடிக்கவைத்து, தானும் நிதானமாகக் குடித்தது. பாறையில் முன்னங்கால்களை ஊன்றி முதுகை நீட்டியது. குளிர்ந்த சேற்றை எடுத்துத் தோளில் அப்பிக்கொண்டது. பிறகு ஒரு குட்டியை வலது பக்கமும், இன்னொன்றை இடது பக்கமும் ஏற்றிக்கொண்டது. சமதரையில், "இறங்கி நடங்கடா செல்லங்களா!" என்று இறக்கிவிட்டது. வலி முழுசாகப் போகவில்லை. ஆனால் நடக்கிற அளவுக்கு அடங்கியது.

கொஞ்ச தூரத்தில் முயல் காத்துக்கொண்டிருந்தது.

"அக்கா... எனக்கும் வலிக்கிறது என்று சொல்லிவிட்டேன்!"

"நல்லது, வா!"

அப்புறம் முள்ளம்பன்றி வந்தது. அப்புறம் மிளா. "என் நடை அப்படி இல்லை, குளம்பில் முள்!" என்று அழாத குறையாகச் சொன்னது. முயல் பல்லால் முள்ளைப் பிடுங்கிப் போட்டது. இப்படியே ஒவ்வொருவராகக் கடைசிக்கு வந்து சேர்ந்தார்கள். எல்லோரும் களைத்தபோது நின்றார்கள், தண்ணீர் கண்ட இடத்தில் குடித்தார்கள், காலை உதறிக்கொண்டு நடந்தார்கள்.

மலைக் கணவாய்க்கு வந்தபோது திமிலன் திரும்பிப் பார்த்தது. பின்னால் ஒருவரும் இல்லை!

"வராவிட்டால் போங்கள்! நான் நிற்க மாட்டேன்!" என்று ஏற்றத்தில் கால் வைத்தது.

அவ்வளவுதான். இரண்டு பின்னந்தொடைகளும் இறுகிக் கல்லாகிவிட்டன. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை.

"என்ன ஆயிற்று, தலைவரே?" என்று குரங்கு கீழே குதிக்கப் பார்த்தது. காலையிலிருந்து அசையாமல் உட்கார்ந்திருந்த கால்கள் மரத்துப் போயிருந்தன. மூட்டை மாதிரி தொப்பென்று விழுந்தது.

"எழுந்து ஓடிப்போய் யாரையாவது கூப்பிடு!"

"எங்கே ஓடுவது? என் கால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லையே!"

அப்போது புதரிலிருந்து செந்நாய்கள் வந்தன. "கடைசியில் கும்பலாக வருகிறார்கள். முதல் ஆள்தான் தனியாக நிற்கிறான்!" என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டு சுற்றி வளைத்தன. திமிலன் கொம்பை ஆட்டியது. கால் திரும்பவில்லை. பயத்தில் கதறியது.

கதறல் கீழே கேட்டது. சடைச்சி குட்டிகளை முயலிடம் விட்டது.

"போகாதே அக்கா! நம்மைக் கடைசிக்குத் தள்ளியவர்தானே?" என்றது முயல்.

"இருக்கட்டும். என் கால் இப்போது நன்றாக இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நின்று வேடிக்கை பார்க்கச் சொல்கிறாயா?"

சடைச்சி ஏற்றத்தில் ஓடியது. மிளாவும் முள்ளம்பன்றியும் பின்னாலேயே ஓடின. சடைச்சி இரண்டு காலில் எழுந்து நின்று கர்ஜித்தது. முள்ளம்பன்றி சிலிர்த்துக்கொண்டது. மிளா கொம்பைத் தாழ்த்தியது. செந்நாய்களுக்குக் களைத்தவர்களைப் பிடித்துத்தான் பழக்கம். தெம்பாக வந்து நிற்பவர்களைக் கண்டதும் ஓட்டம் பிடித்தன.

திமிலன் மூச்சு வாங்கியது. "சரி, சரி. நின்றது போதும். நடங்கள்!" என்று ஒரு அடி வைத்தது. முழங்கால் மடங்கியது.

சடைச்சி வழியை மறித்து உட்கார்ந்தது.

"நகர மாட்டேன். முதலில் அந்த வார்த்தையைச் சொல்லுங்கள்!"

"எந்த வார்த்தை?"

"உங்களுக்கே தெரியும்."

எல்லோரும் வந்து சேர்ந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். திமிலன் தலையைக் குனிந்துகொண்டது. "வலிக்கிறது" என்று முணுமுணுத்தது.

"காதில் விழவில்லையே!" என்றது முயல்.

"வலிக்கிறது! பொறுக்க முடியாமல் வலிக்கிறது!" என்று திமிலன் கத்திய கத்தலில் மலையே எதிரொலித்தது.

"அப்பாடா! இப்போது படுங்கள். காலை மெல்ல நீட்டுங்கள். நாங்கள் போய்விட மாட்டோம்" என்றது சடைச்சி.

அவ்வளவு பெரிய காட்டெருமை எல்லோர் முன்னாலும் தரையில் படுத்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் குரங்கும் கால்களைத் தேய்த்து விட்டுக்கொண்டது.

பயணத்தில் உடம்பு வலிக்கிறது என்றால், யார் முறைத்தாலும் யார் சிரித்தாலும் தைரியமாகச் சொல்லி, நின்று, அதைக் கவனித்த பிறகுதான் அடுத்த அடி வைக்க வேண்டும்.