மூன்று நடுவர், மூன்று அறை

ராஜாவுக்கு விசிறி வீசும் ஒச்சப்பன், புலவர் அழகர்தாசரை உயிரோடு கடைசியாகப் பார்த்தது, அவரைச் சபையிலிருந்து கொலைக்களத்துக்கு இழுத்துப் போனபோதுதான். அவர் பாட்டு ராஜநிந்தனை என்று நடுவர் மூவரும் ஒரே குரலில் சொல்லியிருந்தார்கள்.

"ஒருத்தர் மூஞ்சியைப் பார்த்துத்தான் மத்தவங்க சொல்றாங்க" என்று ஒச்சப்பன் முணுமுணுத்தது ராஜா காதில் விழுந்துவிட்டது.

"நாளைக்கு நிரூபி. இல்லாவிட்டால் நீயும் கொலைக்களத்துக்குத்தான்!"

மறுநாள் ஒச்சப்பன், "மூணு பேரையும் தனித்தனி அறையில உட்கார வையுங்க, சாமி" என்று கேட்டு, ஒரே ஓலையை மூவருக்கும் காட்டச் செய்தான்.

"ராஜநிந்தனை" என்றார் முதல் நடுவர். "அருமையான முருகன் துதி" என்றார் இரண்டாமவர். "காதல் பாட்டு, பரிசு கொடுக்கலாம்" என்றார் மூன்றாமவர்.

"நேத்துச் செத்தவர் பாட்டுதான் சாமி இது. ரெண்டு பேர் இன்னைக்குத்தான் படிச்சிருக்காங்க."

ஒச்சப்பன் தலை தப்பியது.

சபை வாசலில் அழகர்தாசரின் செருப்பு அப்படியே கிடந்தது.