நான்கு நாழிகையா, எட்டு நாழிகையா?

முன்னொரு காலத்தில் தேன்வரை என்ற மலையடிவார நாட்டைக் கொற்றவேலன் என்ற அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் நினைத்தால் மாலை, நினைத்தால் மொட்டை என்று தீர்ப்புச் சொல்லும் குணம்.

அவன் பிறந்து வளர்ந்தது கிழக்கே, கடலோரத்துத் திரைமுனைக் கோட்டையில். அவனுடைய அக்காள் நங்கையம்மை அங்கேதான் இருந்தாள். தினமும் புறாவில் இருவருக்கும் ஓலை போய்வரும். அவள் எழுதும் ஒரு வரிக்காக அரசன் சபையைக்கூட நிறுத்திவைப்பான்.

புறா தன் கூட்டுக்குத்தான் திரும்பிப் பறக்கும். ஆகவே கடற்கோட்டைப் புறாக்களைக் கூடையில் வைத்து மலைக்கும், மலைப்புறாக்களைக் கடலுக்கும் மாட்டு வண்டியில் கொண்டுபோய் வைத்திருப்பார்கள். வண்டிக்கு நான்கு நாள். புறாவுக்கு எத்தனை நேரம்? அதற்கும் கணக்கு இருந்தது. இரண்டு கோட்டையிலும் சூரியனைக் கண்டதும் புறாவை விடுவார்கள். அப்போதே அடியில் ஊசித்துளை போட்ட செப்புக் கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்கவிடுவார்கள். கிண்ணம் ஒருமுறை நிறைந்து மூழ்கினால் ஒரு நாழிகை. எதிர்க்கோட்டைப் புறா வந்து இறங்கும்வரை எத்தனை முறை மூழ்கிற்று என்று எண்ணி ஓலையில் எழுதி அனுப்புவார்கள்.

ஒருநாள் காரியக்காரர் பிச்சாடனர் சபையில் எழுந்தார். புறாக்கூண்டுப் பதவியைத் தம் மைத்துனருக்கு வாங்கித்தர அவருக்கு நெடுநாள் ஆசை.

"அரசே, அங்கிருந்து வரும் புறாவுக்கு நான்கு நாழிகை. நம் மருதாண்டி விடும் புறா அங்கே போக எட்டு நாழிகை! வானத்தில் மேடு பள்ளம் உண்டா? இவன் குறட்டை விட்டு முடித்த பிறகுதான் கூண்டைத் திறக்கிறான்."

அரசன் முகம் சிவந்தது. "என் அக்காள் தினமும் வீணாகக் காத்திருக்கிறாளா? மருதாண்டி, நாளையோடு உம் பதவி போயிற்று!"

மருதாண்டி இருபத்திரண்டு வருஷம் புறாக்களோடு வாழ்ந்தவர். வேறு தொழில் அறியாதவர்.

"ஆகட்டும் அரசே. ஒரே ஒரு சோதனை. நாளைக் காலை நீங்கள் கூண்டருகே உட்காருங்கள். காரியக்கார ஐயா கிழக்கு மலையுச்சியில் நிற்கட்டும். சூரியனைக் கண்டதும் ஓடி வந்து, நான் புறாவை விட்டேனா என்று பார்க்கட்டும்."

"உச்சியில் நான் தூங்கிவிடுவேன் என்று கணக்குப் போடுகிறாயோ?" என்று பிச்சாடனர் சிரித்தார்.

மறுநாள் அவர் தலைப்பாகை அவிழ, ஒற்றைச் செருப்போடு ஓடி வந்தார்.

"அகப்பட்டான் அரசே, அகப்பட்டான்! சூரியன் உதித்து ஒன்றரை நாழிகை ஆயிற்று. கூண்டு இன்னும் பூட்டிக் கிடக்கிறது!"

அரசன் வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுத்தான். "எங்கே ஐயா சூரியன்?"

பிச்சாடனர் நிமிர்ந்து பார்த்தார். வெளிச்சம் இருந்தது, சூரியன் இல்லை. மலைதான் நின்றது.

"முழு வட்டமாகப் பார்த்தேனே! சத்தியம்!"

"சத்தியம் வேண்டாம். நம்புகிறேன்."

அரை நாழிகை கழித்து மலைக்கு மேலே சூரியன் தெரிந்தது. மருதாண்டி புறாவை விட்டார், கிண்ணத்தையும் மிதக்கவிட்டார்.

"அரசே, ஐயா உச்சியில் கண்டபோதே கடலோரத்திலும் சூரியன் தெரிந்துவிட்டது; நமக்குத்தான் மலை மறைக்கிறது. கடற்கோட்டையில் கிண்ணம் இரண்டு முறை மூழ்கிய பிறகுதான் நம் கிண்ணம் தண்ணீரில் இறங்குகிறது. வரும் புறாவுக்கு நாம் இரண்டு நாழிகை குறைத்து எண்ணுகிறோம். போகும் புறாவுக்கு அவர்கள் இரண்டு கூட்டி எண்ணுகிறார்கள். போனாலும் வந்தாலும் ஆறு நாழிகைதான்."

அரசன் மலைக்கு மேலே ஏறிய சூரியனைப் பார்த்தான்.

"சின்னப்பிள்ளையில் நானும் அக்காளும் மதிலில் உட்கார்ந்து சேர்ந்துதான் சூரியனைப் பார்ப்போம். இங்கே வந்து பதினோரு வருஷம். எனக்கு விடியும்போதுதான் அவளுக்கும் விடிகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்."

பிறகு திரும்பினான். "பிச்சாடனரே, உமக்கு மலையேற நன்றாக வருகிறது. இனிமேல் உச்சியில் சூரியனைக் கண்டதும் சங்கு ஊதும். அதைக் கேட்டே புறாவை விடுவோம்."

"தினமுமா அரசே?"

"மழை நாளில் வேண்டாம்."

மருதாண்டிக்குத் தங்கக் காப்பும் ஆயுள்வரை பதவியும் கிடைத்தன. மறுநாள் சங்கு ஒலித்தபோது உச்சியில் பிச்சாடனர் தனியாக நிற்கவில்லை; பக்கத்தில் அரசனும் நின்றான். அதன்பின் அக்காளுக்கும் தம்பிக்கும் ஒரே நேரத்தில் விடிந்தது.