முன் ஃபோர்க்கில் காற்று

"மாஸ்டர், இந்த முன் ஃபோர்க்கைக் கழட்டித் தூக்கி எறிஞ்சிட்டு, புதுசு ஒண்ணு மாட்டிக் குடுங்க" என்றார் குழந்தைவேலு.

மாஸ்டர் சைக்கிளின் ஹேண்டில் பாரை இரண்டு கையாலும் பிடித்து ஒரு அமுக்கு அமுக்கினார். முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, குலுக்கலை வாங்கிக்கொள்ளும் ஃபோர்க் அமுங்கி எழுந்தது.

"என்னங்கண்ணா கோளாறு?"

"கை வலிக்குது."

"உங்களுக்கா?"

"எனக்கு எங்க வலிக்குது? என் பொண்ணு சுடருக்கு."

ஏற்காட்டு மலையடிவாரத்தில், சாலை வளையத் தொடங்கும் இடத்தில் இருந்தது அந்தப் பட்டறை. மலைச் சைக்கிள் ஓட்டப் பழகிக்கொள்ள அங்கே வருகிற எல்லோருக்கும் ரெஜினா 'மாஸ்டர்'தான். அவரைவிட இருபது வயது மூத்த குழந்தைவேலுவுக்கும் அப்படித்தான். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற மனிதர். பெயரில் மட்டும்தான் குழந்தை. தராசில் ஏறினால் தொண்ணூறு கிலோ.

சைக்கிள் பழசு. தனக்கென்று ஆசை ஆசையாக வாங்கி ஓட்டியது. பிறகு இன்னொன்று வாங்கியபோது, இதைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகளுக்குக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவும் மகளும் மலை ஏறுவார்கள். வழியெல்லாம் சுடர்விழி பேசிக்கொண்டே வருவாள். பேசாமல் வரச் சொன்னால்கூடக் கேட்க மாட்டாள்.

ஒரு நாள் இனி வரவில்லை என்று சொல்லிவிட்டாள். அதன்பிறகு பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. கல்யாணமாகி உடுமலைக்குப் போன பிறகு, போனில் "சாப்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களாப்பா" என்பதோடு சரி.

"பொங்கலுக்கு வர்றா மாஸ்டர். பழையபடி ரெண்டு பேரும் ஒரு தடவை மலையேறிட்டு வந்தா போதும். எங்கிட்ட மனசுவிட்டுப் பேசுவா."

அவருக்கு வேண்டியது அதுதான். ஃபோர்க் அல்ல.

மாஸ்டர் சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றினார். முன்சக்கரத்தைக் கழற்றினார். ஃபோர்க்கின் இரண்டு காலையும் அடியில் திருகி உருவியபோது, கறுப்பாக ஆயில் ஒழுகியது.

"பாத்தீங்களா? உள்ளே எல்லாம் போயிடுச்சு" என்றார் குழந்தைவேலு, என்னவோ சந்தோஷமான சமாச்சாரம் மாதிரி.

"இத்தனை வருஷம் கழிச்சுத் திறந்தா ஆயில் கறுப்பாத்தான் இருக்கும்."

மாஸ்டர் உள்குழாயைத் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு கீறல் இல்லை. ஆயிலும், அது கசியாம புடிக்கற ரப்பர் சீலும் மாத்துனா போதும்."

"அப்ப கை ஏன் வலிச்சுது?"

மாஸ்டர் பழைய ரப்பர் சீலை நெம்பி எடுத்துக்கொண்டே கேட்டார். "வலிக்குதுன்னு பொண்ணு சொன்னப்ப நீங்க என்ன பண்ணுனீங்க?"

"சும்மா விட்டுருவேனா? அங்கேயே அவளை இறங்கச் சொல்லிட்டு நானே ஏறி ஓட்டிப் பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"மெத்தையில போற மாதிரி இருந்துச்சு. நல்லாத்தானே இருக்குன்னு சொல்லித் திருப்பிக் குடுத்தேன்."

"அப்புறம்?"

"அடுத்த வாரமும் வலின்னா. அப்பவும் ஏறிப் பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. பழகிக்கிட்டா சரியாயிடும்மான்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் வலின்னு சொல்லவே இல்லையே."

மாஸ்டர் புது ரப்பர் சீலை வைத்து, உள்ளங்கையால் மெல்லத் தட்டி உட்காரவைத்தார்.

"இந்த ஃபோர்க்குக்குள்ள காத்து யார் அடிச்சது?"

"வேற யாரு? நான்தான். பொண்ணு ஓட்டுற வண்டியாச்சே. ஒரு மாசம் தவறினதில்லை. எனக்கு எவ்வளவு வைப்பேனோ, துளி குறையாம அவளுக்கும் அவ்வளவு."

மாஸ்டர் அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஆயில் ஊற்றினார். கால்களை ஏற்றினார். முறுக்கினார். சக்கரத்தை மாட்டினார்.

கடைசியாக, காற்றின் அழுத்தத்தைக் காட்டும் முள் பொருத்திய சின்ன பம்ப்பை எடுத்து ஃபோர்க்கின் வால்வில் திருகிக் காற்று அடித்தார். முள் ஏறியது.

"போதும் மாஸ்டர். எனக்கே இவ்வளவு வேண்டாம்."

மாஸ்டர் நிறுத்தவில்லை.

"மாஸ்டர், போதும்."

முள் இன்னும் ஏறியது. மாஸ்டர் பம்ப்பைக் கழற்றிவிட்டு, பட்டறைக்குப் பின்னால் இறங்கும் கல்பாதையைக் காட்டினார்.

"ஒரு சுத்து போயிட்டு வாங்கண்ணா."

போனார்.

அந்தப் பாதை அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் இன்றைக்கு ஒவ்வொரு கல்லும் மணிக்கட்டில் வந்து இடித்தது. பல்லோடு பல் மோதியது. பாதி வழியில் விரல்கள் மரத்து, பிரேக் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. மிச்சப் பாதையை இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தே வந்தார்.

வரும்போதே சத்தம் போட்டார். "என்னத்தை மாஸ்டர் மாட்டுனீங்க? உலக்கையைப் புடிச்சிக்கிட்டு மலையில உருண்ட மாதிரி இருக்கு. கை போச்சு எனக்கு!"

"நல்லாத்தானே இருக்கு" என்றார் மாஸ்டர்.

"நல்லா இருக்கா? யார் சொன்னது? அடிச்சிருக்கற காத்துக்கு நூத்தம்பது கிலோ ஆள் ஏறி உக்காந்தாத்தான் அது அமுங்கும்!"

"ஆமாங்கண்ணா. அந்த நூத்தம்பது கிலோ ஆள்தான் ஏறிப் பாத்துட்டுச் சொன்னாரு. நல்லாத்தான் இருக்காம்."

குழந்தைவேலு சைக்கிளை ஸ்டாண்டில் சாய்த்தார்.

கை இன்னும் விண்ணென்று வலித்தது. அதைப் பார்த்தார். இதில் பாதிதான் இருக்கும் சுடரின் கை. கல்லில் இறங்கி வந்து, விரலை உதறிக்கொண்டு, "வலிக்குதுப்பா" என்று நீட்டிய கை. அதைப் பிடித்துப் பார்க்க அன்றைக்கு ஏன் தோன்றவில்லை? சைக்கிளைத்தான் பிடித்துப் பார்த்தார். அங்கிருந்த பழைய டயர் அடுக்கின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

மாஸ்டர் வால்வை விரலால் அழுத்தினார். காற்று சீறிக்கொண்டு வெளியேறியது.

"பொண்ணுக்குத் தக்கபடி வச்சுடலாம். எவ்வளவு எடை?"

"அம்பது... அம்பது இருக்கும்." சற்று யோசித்தார். "தெரியல மாஸ்டர். இப்ப ரொம்ப இளைச்சிட்டா."

"எப்பப் பாத்தீங்க?"

"ஆவணியில."

குழந்தைவேலு தானாகவே சொன்னார்.

"போன் பண்ணி அழுதா. 'இந்த வீட்டுல என்னால இருக்க முடியலப்பா'ன்னு சொன்னா. அன்னிக்கே பஸ் ஏறிட்டேன் மாஸ்டர். பெத்த மனசு கேக்குமா? போய் ரெண்டு நாள் இருந்து, எல்லாத்தையும் என் கண்ணால பாத்துட்டுத்தான் வந்தேன்."

"என்ன பாத்தீங்க?"

"நல்ல மனுஷங்க. தலைவாழை இலை போட்டு, கறியும் மீனுமா ஒரே அமர்க்களம். சம்பந்தியம்மா பக்கத்துலயே நின்னு பரிமாறுனாங்க. ராத்திரி படுக்கறதுக்கு அவங்க ரூமையே ஒழிச்சுக் குடுத்தாங்க. மாப்பிள்ளை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து ஏத்திவிட்டாரு."

"சுடர்?"

"அவ அடுப்படியிலயே இருந்தா." குரல் இறங்கியது. "கிளம்பறப்ப வாசலுக்கு வந்தா. நான்தான் சொன்னேன், நல்ல குடும்பம்மா, நீதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்னு. சரிங்கப்பான்னா. அதுக்கப்புறம் அவ எதுவும் சொல்றதில்லை."

காற்று மொத்தமும் போய், ஃபோர்க் மெல்ல இறங்கி நின்றது.

"ஒரு குறை சொல்ல முடியாது மாஸ்டர்" என்றார் குழந்தைவேலு, தரையைப் பார்த்துக்கொண்டு. "அவ்வளவு நல்லா கவனிச்சிக்கிட்டாங்க."

"யாரை?"

குழந்தைவேலு இறங்கி நின்ற ஃபோர்க்கைத் தொட்டுப் பார்த்தார்.

"என்னை."